எத்தனை லிட்டர் கொதிக்க வேண்டும்?

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து மேசை மேல் வைத்தார். "அண்ணே, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்." உள்ளே கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகப் பொருள். மடங்கிக் கிடந்த மூன்று கைகளை விரித்தார்; நடுவில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பர்னர், பக்கத்தில் கம்பியை வளைத்துச் செய்த திருகு. அடுப்பாம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய அந்த எடைதான் வரும்.

ஜூன் மாதம் மணாலியிலிருந்து ஹம்ப்தா கணவாய்க்கு நடக்கப் போகிறார்கள். இரண்டு பேர், நான்கு நாள், சமையல்காரரும் கோவேறு கழுதையும் இல்லாமல், எல்லாம் சொந்த முதுகில். அதற்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டி வைத்திருந்தார். அடுப்பில் 60 கிராம் மிச்சம் பிடித்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "நாலு நாளில் மொத்தம் எத்தனை லிட்டர் தண்ணி கொதிக்க வைக்கப் போறீங்க?" அதை அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை.

மலையேற்ற அடுப்பு வாங்குகிற பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. கடைக்காரரும் அடுப்பின் எடையைத்தான் சொல்வார். ஆனால் முதுகில் ஏறுகிற எடையை முடிவு செய்வது எரிபொருள், அது அடைத்து வருகிற குப்பி, பாத்திரம், மூடி, காற்று எல்லாம் சேர்ந்துதான். இவற்றில் அடுப்பின் பங்கு பெரும்பாலும் ஆகக் கடைசி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கடல் மட்டத்தில் கொதிக்க வைக்க 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ 46,000 கிலோஜூல் கிடைக்கும். வகுத்தால் 7 கிராம் சொச்சம். அதாவது ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாவிட்டால் 7 கிராம் கேஸில் ஒரு லிட்டர் கொதித்துவிடும். வெளியில் சமைத்துப் பார்த்தால் ஆகும் செலவு 12 முதல் 15 கிராம். பாதி வெப்பம் பாத்திரத்தின் ஓரமாக வழுக்கிக்கொண்டு ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. இது காற்றில்லாத நாளின் கணக்கு. காற்றடித்தால் இது இரண்டு மடங்காகும், சில சமயம் மூன்று.

தண்ணீர் ஓடையிலிருந்து வராமல் பனியிலிருந்து வரவேண்டும் என்றால் கணக்கு ஒரேயடியாக மாறிவிடும். சுழி டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியைச் சுழி டிகிரித் தண்ணீராக மாற்றவே 334 கிலோஜூல் வேண்டும். முன்னே சொன்ன 335-ஐப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண். பனியை உருக்குவதற்கு மட்டும், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு எரிபொருள் போய்விடும். கொதிக்க வைப்பது அதற்கு மேல். மைனஸ் 10 டிகிரியில் அள்ளிய பனியைக் கொதிநீராக்க 770 கிலோஜூலுக்கு மேல் ஆகும். உயரமான மலைகளில் அடுப்பு என்பது சோறாக்கும் கருவி என்பதைவிடக் குடிதண்ணீர்க் குழாய் என்பதே பொருத்தம்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1952 மே மாதம் டென்சிங் நோர்கேயும் சுவிஸ் மலையேறி ரேமண்ட் லம்பேரும் எவரெஸ்டின் தென்கிழக்கு முகட்டில் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். தூங்கும் பை இல்லை. அடுப்பும் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் ஒரு காலி டப்பாவைப் பிடித்துப் பனியை உருக்கி, வாய் நனையும் அளவுக்குக் குடித்தார்கள். மறுநாள் 8,600 மீட்டர் அருகே வரை போய், அதற்கு மேல் முடியாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழுவோடு போன உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ, ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது உள்ளே போகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். அதற்கேற்ப எரிபொருள் ஏற்றப்பட்டது, ஸ்டவ்களும் உயரத்துக்குத் தக்கபடி திருத்தப்பட்டன. 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றதற்கு ஆக்சிஜன் புட்டியோடு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். ஆக்சிஜனைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதற்கும் நாற்பது ஆண்டு முன்பு, 1912-ல், தென் துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டின் குழு வழியில் புதைத்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களைத் தோண்டியபோது அளவு குறைந்திருந்தது. மூடியில் இருந்த தோல் வாஷர் கடுங்குளிரில் கெட்டுப்போய் எண்ணெய் கசிந்து ஆவியாகிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அதே துருவத்துக்கு அவர்களுக்கு முன்பே போய்த் திரும்பிய அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். வாஷர் எடை சில கிராம்தான் இருக்கும்.

இவர்கள் எல்லோரும் கொண்டு போனது ஒரே குடும்பத்து அடுப்பு. நம் வீட்டிலும் அது இருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வில்லெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் ஸ்டாக்ஹோமில் விற்கத் தொடங்கிய ப்ரைமஸ்தான், எழுபதுகள் எண்பதுகள் வரை தமிழ்நாட்டுச் சமையலறைகளில் "பம்ப் ஸ்டவ்" என்ற பெயரில் இரைந்துகொண்டிருந்தது. பித்தளை வயிறு, மூன்று கால், நடுவில் கிண்ணம். கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பற்ற வைத்துக் குழாயைச் சூடேற்றுவார்கள். சூடேறிய குழாய்க்குள் வரும் மண்ணெண்ணெய் ஆவியாகி ஊசித் துளை வழியே பீய்ச்சும். திரி இல்லை, அதனால் கரியும் அதிகம் இல்லை; நீலச் சுடர். துளை அடைத்துக்கொண்டால் பின் போட்டுக் குத்துவார்கள். அந்தப் பின் எப்போதும் காலண்டர் ஆணியில் தொங்கும். அவசரத்தில் சரியாகச் சூடேற்றாமல் பம்ப் அடித்தால் மஞ்சள் தீ கூரை வரை எழும்பும். இன்றைக்குப் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் எரியும் மலையேற்ற அடுப்புகளை வாங்கிப் பிரித்தால் அதே குழாய், அதே துளை, அதே பின், அதே மஞ்சள் தீ.

மாறியது ஒன்று. ப்ரைமஸில் எண்ணெய்த் தொட்டியின் மேலேயே தீ எரியும். சுற்றிலும் காற்றுத் தடுப்பு வைத்தால் தொட்டி சூடாகிவிடும் என்ற பயம் உண்டு. சியாட்டிலில் லாரி பென்பர்த்தி என்ற பொறியாளர், மலையில் ஆட்கள் சுருண்டு விழுவதற்குத் தண்ணீர்க் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்று நம்பியவர். 1973-ல் அவருடைய எம்எஸ்ஆர் நிறுவனம் கொண்டுவந்த அடுப்பில் தொட்டியே கிடையாது. எரிபொருள் கொண்டு போகும் புட்டியிலேயே பம்ப்பைத் திருகி, ஒரு குழாய் வழியாகத் தள்ளி நிற்கும் பர்னருக்கு அனுப்பினார். தீயும் எண்ணெயும் பிரிந்துவிட்டதால் பர்னரைச் சுற்றி அலுமினியத் தகட்டைத் தாராளமாக வளைக்க முடிந்தது. பனியை உருக்கவென்றே பிறந்த அடுப்பு அது. பத்து நாள், ஐந்து பேர், மைனஸ் 20 டிகிரி என்றால் இன்றும் அந்த வகையை விட்டால் வேறு வழி குறைவு.

தம்பியின் 25 கிராம் அடுப்பு கேஸ் கேனின் தலையில் திருகுகிற வகை. பற்ற வைக்க ஐந்து வினாடி. முன்சூடு, பம்ப், பின் எதுவும் வேண்டாம். அதனால்தான் இன்று பத்தில் எட்டுப் பேர் கையில் இதுவே இருக்கிறது என்று தோன்றுகிறது. அதன் சங்கதி முழுக்கக் கேனுக்குள் இருக்கிறது.

கேனில் கேஸ் திரவமாக இருக்கும். திருகைத் திறந்தால் மேலே உள்ள ஆவி வெளியேறும், அந்த இடத்தை நிரப்பத் திரவம் கொதித்து ஆவியாகும். கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் எரிய எரியக் கேன் குளிர்ந்துகொண்டே போகும். இந்தக் கேன்களில் அடைக்கும் கேஸ்களில் சாதாரண பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 அருகில், புரோப்பேன் மைனஸ் 42-ல். கேன் அந்தந்தக் கேஸின் கொதிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் உள்ளே கேஸ் இருந்தும் வெளியே வராது. நல்ல கேன்களில் ஐசோபியூட்டேனோடு கொஞ்சம் புரோப்பேன் கலந்திருப்பது இதற்காகத்தான். ஆனால் புரோப்பேன் முந்திக்கொண்டு ஓடிப்போய்விடும். முதல் நாள் சீறி எரிந்த கேன் மூன்றாம் நாள் முனகுவதற்கு அதுவும் காரணம்.

மேஜை அடுப்புக்குப் போடுகிற நீளமான ஸ்ப்ரே டப்பா போன்ற கேன்களில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான். விலை மலிவு, அடாப்டர் வைத்தால் இந்தச் சின்ன அடுப்பிலும் எரியும். கொடைக்கானல் குளிருக்குத் தாராளமாகப் போதும். இமயத்து விடியற்காலைக்கு அதை நம்ப வேண்டாம்.

ஒரு விடியற்காலையை நானே பார்த்திருக்கிறேன். கூடார வாசலில் கேன், அதன் மேல் அடுப்பு, அதன் மேல் பாத்திரம். எரியத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் கேனின் அடிப்பாகத்தில் ஒரு வெள்ளை வளையம் பூத்தது, கேனுக்குள் திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை, கோடு போட்ட மாதிரி. விரலால் தொட்டால் ஒட்டியது. சுடர் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கூட வந்த உள்ளூர்க்காரர் ஒன்றும் பேசாமல், பாத்திரத்தில் அரைகுறையாகச் சூடாகியிருந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றினார். அந்தத் தட்டில் கேனைத் தூக்கி வைத்தார். கைச்சூடு அளவுதான் அந்தத் தண்ணீர். அரை நிமிடத்தில் சுடர் பழையபடி இரைந்தது. அன்றிலிருந்து நான் கேனை இரவில் தூங்கும் பைக்குள் காலடியில் போட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. உயரம் ஏற ஏற வெளிக்காற்றழுத்தம் குறைகிறது, அதனால் தண்ணீர் மட்டுமல்ல, கேனுக்குள் இருக்கும் பியூட்டேனும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. ஹம்ப்தா கணவாயின் 4,270 மீட்டரில் அதன் கொதிநிலை கணக்குப்படி மைனஸ் 14 டிகிரிக்கு இறங்கிவிடும். மேலே போகப் போகக் கேஸ் எரியாது என்று பலர் சொல்கிறார்கள். கேஸை முடக்குவது உயரம் இல்லை, குளிர். ஒரே குளிரில் வைத்துப் பார்த்தால், உயரத்தில் அது இன்னும் கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும்.

சரி, எடைக்கு வருவோம். 100 கிராம் கேஸ் உள்ள சின்னக் கேனைத் தராசில் வைத்தால் 200 கிராம் காட்டும். 230 கிராம் கேன் 380 அருகே வரும். காலியான இரும்புக் குப்பியையும் சுமந்துகொண்டுதான் திரும்ப வேண்டும், மலையிலேயே எறிந்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. ஆக அடுப்பு 25 கிராமா 85 கிராமா என்ற சண்டையைவிட, சின்னக் கேன் போதுமா பெரிய கேன் வேண்டுமா என்ற கேள்வி மூன்று மடங்கு கனமானது.

இந்த இடத்தில்தான் ஸ்பிரிட் அடுப்புக்காரர்கள் குறுக்கே வருவார்கள். அவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஸ்பிரிட்டின் வெப்பம் கேஸில் பாதி சொச்சம்தான். லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 24 கிராம் போல ஆகும். ஆனால் அதற்கு இரும்புக் குப்பி தேவையில்லை, பழைய பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடுப்பும் 10, 15 கிராமில் நாமே செய்துகொள்ளலாம். தனியாள், நாளுக்கு 2 லிட்டர், மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பிரிட் 144 கிராம், அடுப்பும் பாட்டிலும் 35, மொத்தம் 180. கேஸ் என்றால் கேன் 200, அடுப்பு 25, மொத்தம் 225. ஏழு நாளானால் ஸ்பிரிட் பக்கம் 370, கேஸ் பக்கம் 405, ஏறக்குறைய சமம். இரண்டு பேர் ஏழு நாள் என்றால் ஸ்பிரிட்காரர் தோற்றார். ஸ்பிரிட் பாட்டில் தினமும் இளைக்கும், கேன் அந்த அளவு இளைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குறுகிய நடைக்கும் தனியாளுக்கும் ஸ்பிரிட், நீண்ட நடைக்கும் கூட்டத்துக்கும் கேஸ் என்ற பொதுப்பேச்சு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

ஸ்வீடனின் ட்ராஞ்சியா நிறுவனம் 1951-லிருந்து காற்றுத் தடுப்பு, சட்டி, பித்தளை ஸ்பிரிட் பர்னர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஒரு செட்டை விற்றுவருகிறது. எடை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் புயல் காற்றிலும் ஒரே சீராக எரியும், ஏனென்றால் தடுப்பை அடுப்போடு சேர்த்தே யோசித்தார்கள்.

குளிர்பான டின்னில் ஸ்பிரிட் அடுப்பு செய்வதை நானும் முயன்றேன். இரண்டு டின்களின் அடிப்பாகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்றை ஒன்றுக்குள் செருகி, விளிம்பில் ஊசியால் பதினாறு துளை. விரலில் இரண்டு வெட்டு. மொட்டைமாடியில் வைத்து 30 மில்லி ஊற்றிப் பற்ற வைத்தேன். பற்றியதாகவே தெரியவில்லை. இன்னொரு குச்சியைக் கிழித்துக் கிட்டே கொண்டுபோனபோது முன்கை முடி பொசுங்கும் வாடை வந்தது. பட்டப்பகலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிகிற அடுப்பில் பாட்டிலிலிருந்து மேலும் ஊற்றுகிறவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அப்புறம், மெத்தனால் கலந்த ஸ்பிரிட் விஷம், பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. நம் ஊரில் அதன் விற்பனைக்கு ஏன் கட்டுப்பாடு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மாத்திரை மாதிரிக் கெட்டி எரிபொருளில் எரியும் வில்லை அடுப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1936-ல் ஜெர்மனியில் எரிக் ஷூம் கொண்டுவந்த எஸ்பிட் வில்லை இன்றும் ராணுவப் பொதிகளிலும் நடைக்காரர் பைகளிலும் கிடக்கிறது. எடை மிகக் குறைவு, பாத்திரத்தின் அடியில் பிசுபிசுப்பான பழுப்பு நிறமும் மீன் வாடையும் இலவசம்.

பாத்திரம் என்று வந்தால், எடை குறைக்கிற கூட்டம் மயங்கிக் கிடப்பது டைட்டானியத்தில். அலுமினியத்தைவிட டைட்டானியம் லேசான உலோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். டைட்டானியம் உறுதியானது என்பதால் தகட்டை மிக மெல்லியதாக இழைக்க முடிகிறது, பாத்திரம் லேசாவது அதனால்தான். ஆனால் வெப்பத்தைப் பரப்புவதில் அது அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் கொதிக்க வைக்க இது பெரிய குறையில்லை. தண்ணீர் தானே சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும்.

அதில் ரவை உப்புமா கிண்டிப் பாருங்கள். தம்பி தன் டைட்டானியம் சட்டியையும் கொண்டுவந்திருந்தார், அன்றைக்கே என் வீட்டுப் பால்கனியில் பரீட்சை வைத்தோம். பொத்தான் அளவு பர்னரின் சுடர் சட்டியின் நட்டநடுவில் ஒரே இடத்தில் குத்தியது. தண்ணீர் நான்கே நிமிடத்தில் தளதளத்தது. ரவையைத் தூவி இரண்டு கிண்டு கிண்டுவதற்குள் நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தீய்ந்து ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் ரவை இன்னும் பச்சையாக மிதந்தது. அந்தக் கரும்புள்ளியை என் மனைவி கம்பி நார் போட்டுத் தேய்க்கப் போனபோது தம்பி பாய்ந்து வந்து தடுத்தார். சட்டியின் விலையைச் சொன்னார். அதற்கு இரண்டு குக்கர் வாங்கலாம்.

அவருக்கு நான் கொடுத்தது பழைய அலுமினியத் தேநீர்ச் சட்டி ஒன்று, கைப்பிடி கழன்றது. அகலமான அடி, எலுமிச்சம்பழ விலைகூடப் பெறாத ஒரு தட்டு மூடி, பிடிக்க இடுக்கி. வெளிநாட்டுக் கடைகளில் மலையேற்றக்காரர்களுக்கென்று தனியாக விற்கிறார்களே, சட்டியைக் கவ்விப் பிடிக்கும் கருவி, அது நம் இடுக்கியேதான். அகல அடிச் சட்டி சுடரை அதிகம் வாங்கிக்கொள்ளும், உயரக் குவளை அதை ஓரமாக விட்டுவிடும். மூடி போடாமல் கொதிக்க வைப்பது கேஸைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

ஓரமாக ஓடும் வெப்பத்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. நார்வேயின் ஃபிரிட்ஜோஃப் நான்சென் 1890-களிலேயே நடுவில் ஒரு பானை, அதைச் சுற்றி வளையமாக ஒரு பனித்தொட்டி, மேலே இன்னொரு தட்டு என்று அடுக்கி, ப்ரைமஸின் வெப்பம் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வெளியேறும்படி ஒரு சமையல் கலம் வைத்திருந்தார். துருவப் பயணிகள் பல காலம் அதையே எடுத்துப் போனார்கள். 2004-ல் சந்தைக்கு வந்த ஜெட்பாயில் அடுப்பின் குவளையடியில் மடிப்பு மடிப்பாக ஒட்டியிருக்கும் உலோகத் தகடுகள் செய்வதும் அந்த வேலைதான். அந்தத் தகடுகளால் குவளை கனமாகும், லிட்டருக்கு ஆகும் கேஸ் குறையும். ஒரு நாள் நடைக்கு நஷ்டம், பல நாள் பனி உருக்குகிறவருக்கு லாபம். மறுபடியும் லிட்டர் கணக்குதான்.

மேலே போனால் கொதிப்பது வேறு, வேகுவது வேறு. ஊட்டியிலேயே தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். லேயின் 3,500 மீட்டரில் 88. ஹம்ப்தாவில் 86-க்குள். தளதளவென்று கொதிக்கிறது என்று நம்பிப் பருப்பைப் போட்டால் ஒரு மணி நேரமானாலும் கல் மாதிரி இருக்கும். கேஸ் மட்டும் வெந்துபோகும். இமயத்தில் குழுவாக அழைத்துப் போகும் சமையல்காரர்கள் எடையைப் பார்க்காமல் பிரஷர் குக்கரைக் கழுதை முதுகில் ஏற்றுவது இதனால்தான். கடல் மட்டத்தில் குக்கருக்குள் 120 டிகிரி என்றால் அந்தக் கணவாயிலும் 113 டிகிரி கிடைக்கும். அமெரிக்க நடைக்காரர்கள் உறைய வைத்து உலர்த்திய உணவுப் பொட்டலத்தில் கொதிநீரை ஊற்றிக்கொள்வார்கள். நம்மவர்கள் பருப்புச் சோறு இல்லாமல் நடக்கமாட்டார்கள். முதுகில் சுமக்கிறவர் பருப்பை மறந்துவிடலாம். ரவை, சேமியா, அவல், வீட்டிலேயே வறுத்துக் கலந்த உப்புமா மாவு இவை 86 டிகிரியிலும் சொன்ன பேச்சு கேட்கும்.

காற்றுத் தடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கேன் தலையில் உட்காரும் அடுப்பை முழுதாகச் சுற்றி அடைத்தால் சூடு கீழே திரும்பிக் கேனைத் தாக்கும்; வெடிக்கவும் கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் வளைத்து வைத்து, கேனை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு வந்தால் உடனே தடுப்பை எடுத்துவிட வேண்டும். எடை குறைப்பதற்காக மிக மெலிதாகச் செய்த அடுப்புக் கைகள், இப்படிச் சூடு தேங்கும்போது வளைந்துவிடுவதும் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து, குளிருக்குப் பயந்து கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே பற்ற வைப்பது. குளிர்ந்த பெரிய சட்டி சுடரின் மேல் உட்காரும்போது எரிதல் அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, தலைவலியை உயரத்தின் மேல் போட்டுவிடுவோம். 1934-ல் அண்டார்டிகாவில் ஒரு குடிலில் தனியாகக் குளிர்காலத்தைக் கழித்த அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட், அடுப்புப் புகையாலும் ஜெனரேட்டர் புகையாலும் நஞ்சேறிச் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார். அனுபவசாலிக்கே அந்தக் கதி.

கேஸ் கேனை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. ரயிலிலும் அனுமதி இல்லை. மணாலியிலோ லேயிலோ காத்மாண்டுவிலோ இறங்கித்தான் வாங்க வேண்டும். நம் பக்கத்து மலைகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம், காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்ததற்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவர்களுக்கு உகந்த அடுப்பின் எடை பூஜ்யம்: புளிச்சோற்றுப் பொட்டலம், அல்லது ஊறவைத்த அவலில் வெல்லமும் நிலக்கடலையும். அமெரிக்காவில் 1955-ல் 67 வயது எம்மா கேட்வுட் 3,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாளாக நடந்து முடித்தார். தோளில் தானே தைத்த ஒரு துணிமூட்டை, அதில் பெரும்பாலும் உலர்திராட்சை, கொட்டை வகைகள், டின் உணவு. அடுப்பு இல்லை.

தம்பிக்குக் கடைசியில் போட்டுக் கொடுத்த கணக்கு இது: இரண்டு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர், நான்கு நாள், மொத்தம் 12 லிட்டர். லிட்டருக்கு 15 கிராம் வீதம் 180 கிராம். 230 கிராம் கேன் ஒன்று போதும், 50 கிராம் கைவசம் மிஞ்சும். ஒரு நாள் பனி உருக்க நேர்ந்தாலும் சமாளிக்கலாம். 25 கிராம் அடுப்பையே எடுத்துப் போகட்டும், என் அலுமினியச் சட்டி, இடுக்கி, சமையலறை அலுமினியத் தாளை நான்காக மடித்துச் செய்த காற்றுத் தடுப்பு ஒன்று. தடுப்பின் எடை 30 கிராம். "அடுப்பைவிட அதிகமா இருக்கேண்ணே" என்று முனகிக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார்.

ஜூன் கடைசியில் மணாலியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏதோ காய்கறிக் கடைத் தராசில், உருளைக்கிழங்குகளுக்குப் பக்கத்தில், அந்தக் கேன். திரையில் 152 கிராம். சுத்தமாகக் காலி. கீழே ஒரு வரி: "மூணாம் நாள் ராத்திரியே தீர்ந்துடுச்சுண்ணே. அந்தக் காத்துத் தடுப்பு வால்வோ பஸ்ல சீட்டுக்கு அடியில போயிடுச்சு."